தலைஈற்றுக் கிடாரிக்கு எந்தக் காளை?

கேள்வி இது: அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இறைச்சிக்காக மாடு வளர்க்கும் ஒரு பண்ணை. ஆங்கஸ் என்ற இறைச்சி மாட்டினத்தைச் சேர்ந்த 40 கிடாரிகளை இந்த ஆண்டு முதல் தடவையாகக் காளைக்கு விடப் போகிறார்கள். ஏலப் பட்டியலில் ஒரு காளை பிறந்தபோது 68 பவுண்டு என்றும் இன்னொன்று 80 பவுண்டு என்றும் போட்டிருக்கிறது. 68 பவுண்டுக் காளையை வாங்கினால் கன்றும் சின்னதாக இருக்கும், கிடாரி சிரமமில்லாமல் ஈன்றுவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா? காளையில் வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அந்த 68 பவுண்டில் (31 கிலோ) காளையின் ரத்தம் மட்டும் இல்லை. அதைச் சுமந்த தாயின் வயது, தாய் தின்ற தீவனம், அந்த ஆண்டின் குளிர் எல்லாம் அதில் கலந்திருக்கிறது. இரண்டு வயதுத் தாய்க்குத் தலைஈற்றில் பிறந்த கன்று, அதே ரத்தத்தில் ஐந்து வயதுத் தாய்க்குப் பிறந்த கன்றைவிட இலேசாகத்தான் இருக்கும். டெக்சாஸ் வெயிலில் 70 பவுண்டில் பிறக்கும் கன்றின் உடன்பிறப்பு வடக்கு டகோட்டாவின் கடுங்குளிரில் அதைவிடக் கனமாகப் பிறக்கும். ஆக, 68 பவுண்டுக் காளை தலைஈற்றுக் கன்றாகவும், 80 பவுண்டுக் காளை நடுவயதுப் பசுவின் கன்றாகவும் இருந்தால், கிடாரிக்கு ஏற்ற காளை இரண்டாவதாகவே இருக்கலாம். கரு மாற்று முறையில் வேறொரு பசுவின் வயிற்றில் வளர்ந்த காளை என்றால் அந்த எடைக்கு இன்னும் மதிப்புக் குறைவு.

பட்டியலில் அந்தக் காளையின் பக்கத்திலேயே இன்னொரு வரிசை எண்கள் இருக்கும். அங்கேதான் விடை இருக்கிறது. அவற்றை இ.பி.டி. என்பார்கள். ஒரு காளைக்குப் பிறக்கும் கன்றுகள் இன்னொரு காளையின் கன்றுகளைவிடச் சராசரியாக எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்ற கணிப்பு அது. காளையின் சொந்த அளவு, அப்பன், பாட்டன், உடன்பிறப்புகள், ஏற்கெனவே பிறந்த கன்றுகள், மரபணுச் சோதனை எல்லாவற்றையும் சேர்த்து, தாயின் வயது, மந்தை, பருவம் ஆகியவற்றின் பாதிப்பைக் கழித்துவிட்டுப் போடும் எண். கிடாரிக்குக் காளை எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது சி.இ.டி., அதாவது கன்று எளிதாகப் பிறக்கும் தன்மைக்கான எண்.

இதைப் படிப்பது சுலபம். ஒரு காளைக்கு சி.இ.டி. +12, மற்றதற்கு +4 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8. ஒரே தரமான 100 கிடாரிகளை இந்தக் காளைக்கும், அதே போன்ற 100 கிடாரிகளை அந்தக் காளைக்கும் விட்டால், முதல் காளையின் பக்கம் 8 கிடாரிகள் கூடுதலாக யாருடைய உதவியும் இல்லாமல் ஈனும். எண் கூடக் கூட நல்லது. பிறப்பு எடைக்கான இ.பி.டி. இதற்கு நேர்மாறு. அது பவுண்டில் இருக்கும், குறையக் குறையக் கன்று இலேசு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, சி.இ.டி. குறைந்த காளையை "எடை குறைவு" என்று நினைத்து வாங்கி வருபவர்கள் உண்டு.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, பூஜ்யம் என்றால் சராசரி என்று நினைப்பது. ஆங்கஸ் இனத்தில் பூஜ்யம் ஒரு பழைய அடிக்கோடு, அதாவது கணக்குத் தொடங்கிய இடம் மட்டுமே. இனம் நகர்ந்து வெகுதூரம் வந்துவிட்டது. அதனால் எண்ணை மட்டும் பார்க்காமல், அமெரிக்க ஆங்கஸ் சங்கம் வெளியிடும் சதமான அட்டவணையில் அந்தக் காளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கிடாரிக்கு என்றால் சி.இ.டி.யில் இனத்தின் மேல் 25 சதவீதத்துக்குள் வர வேண்டும். 30 வரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். சங்கம் இந்த எண்களை வாரந்தோறும் புதுப்பிக்கிறது. பட்டியல் அச்சாகி இரண்டு மாதம் ஆகியிருந்தால், ஏலத்துக்கு முந்தின நாள் காளையின் பதிவெண்ணைப் போட்டு இணையத்தில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

இரண்டாவது தவறு, சி.இ.டி.யையும் பிறப்பு எடையையும் தனித்தனி வடிகட்டியாக வைப்பது. பிறப்பு எடை ஏற்கெனவே சி.இ.டி. கணக்கின் உள்ளே இருக்கிறது. இரண்டிலும் கடுமையாக வடிகட்டினால் ஒரே விஷயத்துக்கு இரண்டு தடவை காசு கொடுப்பது போலாகும். எளிதாகப் பிறக்கும், ஆனால் கொஞ்சம் எடையுள்ள கன்று தரும் நல்ல காளைகள் எல்லாம் தேவையில்லாமல் தள்ளிப்போகும். சி.இ.டி. போதும்.

எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் 0-வுக்கும் 1-க்கும் இடையில் இன்னொரு எண் இருக்கும். அது நம்பகம். ஏலத்துக்கு வரும் ஓராண்டுக் காளைக்குக் கன்று எதுவும் பிறந்திருக்காது, ஆகவே நம்பகம் குறைவாகத்தான் இருக்கும். மரபணுச் சோதனை செய்திருந்தால், பல கன்றுகள் பிறந்து அளந்து பார்த்ததற்குச் சமமான உறுதி கிடைக்கும். கிடாரிக்கு வாங்கும் காளைக்கு இந்தச் சோதனை கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் வம்சாவளியை வைத்துப் போட்ட எண்ணை நம்பி 40 கிடாரிகளை விடுவது பெரிய துணிச்சல்.

இன்னொரு எச்சரிக்கை. ஆங்கஸின் +8-ஐயும் சிமெண்டலின் +8-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஒவ்வோர் இனத்துக்கும் அடிக்கோடு வேறு. நெப்ராஸ்காவின் கிளே சென்டரில் உள்ள இறைச்சி விலங்கு ஆய்வு மையம் பிறப்பு எடை, பால்மறப்பு எடை போன்றவற்றுக்கு இனங்களுக்கிடையிலான திருத்த எண்களை வெளியிடுகிறது. அந்த எடைகளை அவற்றைக் கூட்டிக் கழித்த பிறகுதான் ஒப்பிட முடியும்; சி.இ.டி.க்கு அப்படித் திருத்த எண் இல்லை.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதா என்று கேட்பார்கள். "தோள் ஒடுக்கம், தலை சின்னது, எலும்பு மெலிசு, ஆகவே கன்று வழுக்கிக்கொண்டு வரும்" என்பது எல்லா ஏலத்திலும் காதில் விழும் பேச்சு. கன்றுகளின் தலைச் சுற்றளவையும் தோள் அகலத்தையும் அளந்து பார்த்த ஆய்வுகளில், பிறப்பு எடையைக் கணக்கில் எடுத்த பிறகு உடல் வடிவம் புதிதாக எதையும் சொல்லவில்லை. கனத்த தோளுள்ள ஓராண்டுக் காளை பிறக்கும்போது அந்தத் தோளோடு பிறக்கவில்லை. கண்ணுக்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கிடாரிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம்? அங்கே 24 மாதத்தில் முதல் கன்று ஈன வைக்கிறார்கள். அந்த வயதில் கிடாரியே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, இடுப்பெலும்பின் வாசல் முழு அளவுக்கு விரியவில்லை. தலைஈற்றில் கன்று மாட்டிக்கொள்வதற்கு முதல் காரணம், வாசலுக்குக் கன்று பெரிதாக இருப்பதுதான். கன்று தலைகீழாக வருவது, ஒரு கால் மடங்கிக்கொள்வது போன்றவை காளையைப் பொறுத்தவை இல்லை. எந்தக் காளையை விட்டாலும் அவை சில வரும். ஆனால் மாட்டிக்கொண்ட கன்றை இழுத்து எடுத்தால் நஷ்டம் அன்றைய இரவோடு முடிவதில்லை. நேரம் கடந்து பிறந்த கன்று எழுந்து நிற்கத் தாமதிக்கும், சீம்பாலை நேரத்துக்குக் குடிக்காது, குடித்தாலும் அதிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருளைக் குடல் சரியாக உறிஞ்சாது. கிடாரிக்கு இடுப்பு நரம்பு நசுங்கிப் பின்னங்கால் விலகிப்போகலாம். நஞ்சுக்கொடி தங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த பருவம் தள்ளிப்போகும். இரண்டாவது தடவை சினை நிற்காமல் சந்தைக்குப் போகும் இளம் பசுக்களில் பலவற்றின் கதை, தலைஈற்றில் சங்கிலி கட்டி இழுத்த அந்த ஒரு நாளில் தொடங்குகிறது.

அதற்காக சி.இ.டி. எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு நல்லது என்று போய்விடாதீர்கள். 50 பவுண்டில் (23 கிலோ) பிறக்கும் கன்றுக்கு மார்ச் மாதத்துப் பனிக்காற்றில் உடம்புச் சூட்டைக் காப்பாற்றும் வலு இருக்காது. இலேசாகப் பிறக்கும் கன்று பெரும்பாலும் இலேசாகவே வளரும். பால் மறக்கும்போது ஒவ்வொரு கன்றிலும் எடை குறைந்தால், ஈற்றில் மிச்சப்படுத்தியதைச் சந்தையில் கொடுத்துவிடுகிறோம். லாங்ஹார்ன், ஜெர்சி காளைகளைக் கிடாரிக்கு விடும் பழைய பழக்கம் அங்கே இதனால்தான் குறைந்தது. ஈற்று சுகம், ஆனால் கன்றை ஏலத்தில் நிறுத்தினால் விலை இறங்கும். இன்றைக்கு ஆங்கஸில் இலேசாகப் பிறந்து ஓராண்டில் நன்றாக எடை போடும் காளைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆகவே சி.இ.டி.யை முதல் சல்லடையாக வைத்து, அதில் தேறியவற்றுக்குள் பால்மறப்பு எடையும் ஓராண்டு எடையும் நன்றாக உள்ளதைத் தேடுங்கள்.

பிறக்கும் பெண் கன்றுகளை மந்தையில் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் சி.இ.எம். என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். இது காளையின் மகள்கள் தாங்கள் தாயாகும்போது எவ்வளவு எளிதாக ஈனுவார்கள் என்பதற்கான எண். சின்னக் கன்றை மட்டுமே குறிவைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காளை எடுத்தால், மகள்களின் உடலும் இடுப்பு வாசலும் சிறுத்துக்கொண்டே போகும். அப்பன் எளிதாகப் பிறப்பித்தான், மகள் ஈன முடியாமல் தவிக்கிறாள் என்ற நிலை இப்படித்தான் வருகிறது. சி.இ.டி. முன்னே சொன்ன அளவில் இருக்க, சி.இ.எம்.மும் இனச் சராசரிக்கு மேலே இருக்கட்டும்.

மரபுக் குறைகளுக்கான குறியீடுகளைக் கவனியுங்கள். 2008-இல் ஆங்கஸ் இனத்தில் முதுகெலும்பு வளைந்து, கால்கள் விறைத்து இறந்து பிறக்கும் கன்றுகளுக்குக் காரணமான மரபணு அடையாளம் காணப்பட்டது. ஏ.எம். என்று குறிப்பார்கள். அடுத்து மூளையில் நீர் கோத்துக் கன்று இறக்கும் என்.எச். குறை தெரியவந்தது. பதிவுப் பெயருக்குப் பின்னால் ஏ.எம்.எஃப். என்றிருந்தால் காளை சுத்தம், ஏ.எம்.சி. என்றிருந்தால் குறையைச் சுமக்கிறது. சுமக்கும் காளையும் சுமக்கும் கிடாரியும் சேர்ந்தால் நான்கில் ஒரு கன்றுக்கு நோய் வர வாய்ப்பு. கிடாரிகளின் வம்சாவளி தெரியாத மந்தையில் சுமக்கும் காளைக்கு இடமே கொடுக்கக் கூடாது.

இனி கண்ணுக்குரிய வேலை. காளையைத் தொழுவத்தில் நிற்க வைத்து முதுகைத் தட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கெட்டியான சமதரையில் பக்கவாட்டில் இருபது தப்படி நடக்க விடுங்கள். முன்னங்கால் குளம்பு பதிந்த தடத்திலேயே பின்னங்கால் குளம்பு வந்து விழ வேண்டும். அதற்கு முன்னாலேயே குட்டையாக விழுந்தால், பின்னங்கால் கம்பு போல நேராக இருக்கிறதா என்று கணு மூட்டைப் பாருங்கள். அப்படிப்பட்ட காளை கிடாரி மேல் ஏறும்போது முழு எடையும் அந்த மூட்டில்தான் இறங்கும். ஒரே பருவத்தில் மூட்டு வீங்கி உட்கார்ந்துவிடும். குளம்பின் இரண்டு பிளவும் ஒரே நீளமாக, ஒரே பருமனாக இருக்க வேண்டும். கத்தரி போல ஒன்றன்மேல் ஒன்று ஏறும் குளம்பு மகள்களுக்கும் போகும். ஏலத்துக்கு முன் குளம்பை வெட்டிச் சீர் செய்திருப்பார்கள், ஆகவே வெட்டியதா என்று கேளுங்கள். குளம்புக்கும் இ.பி.டி. உண்டு, அதில் குறைவான எண் நல்லது.

கொழுத்துப் பளபளக்கும் காளையைக் கண்டு மயங்க வேண்டாம். விற்பனைக்காக அடர்தீவனத்தைக் கொட்டி வளர்த்த காளைக்கு விதைப்பையின் கழுத்தில் கொழுப்பு படியும். விதை உடம்புச் சூட்டைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்து நன்றாக ஊறும். கொழுப்பு அந்தச் சூட்டை வெளியே போக விடாது. அதே தீவனம் குளம்பையும் கெடுத்திருக்கும். அப்படிப்பட்ட காளையை நேராகப் புல்வெளியில் விட்டால் மூன்றே வாரத்தில் உடம்பு கரைந்து, வேலையில் நாட்டம் போய்விடும். வாங்கி வந்ததும் இரண்டு மாத அவகாசம் வைத்து, தீவனத்தைப் படிப்படியாகக் குறைத்து, தினமும் நடக்க வைத்துத் தயார் செய்ய வேண்டும். தீவனத்தை ஒரு மூலையிலும் தண்ணீரை எதிர்மூலையிலும் வைத்தாலே போதும், தானாக நடக்கும்.

காளை வேலைக்குத் தகுதியானதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மந்தையில் விடுவதற்கு 30 முதல் 60 நாள் முன்பு இனப்பெருக்கத் தகுதிப் பரிசோதனை செய்வார்கள். விதைப்பையை நாடாவால் அளப்பார்கள். 15 மாதம் வரை 30 செ.மீ., 18 மாதத்துக்குள் 31, 21 மாதத்துக்குள் 32, 24 மாதத்துக்குள் 33, அதற்கு மேல் 34 செ.மீ. என்பது குறைந்தபட்ச அளவு. விந்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் நகரும் அணுக்கள் 30 சதவீதமாவது, சரியான உருவமுள்ளவை 70 சதவீதமாவது இருக்க வேண்டும். ஓராண்டுக் காளை உருவச் சோதனையில் தோற்றால் உடனே கழிக்க வேண்டியதில்லை. பலவற்றுக்கு வயது போதாமையே காரணம், ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். விந்தணு ஊறி முதிர்ந்து வர ஏறத்தாழ 60 நாள் ஆகும். காய்ச்சல் கண்ட காளையும், பனிக்காற்றில் விதைப்பையின் அடிப்பகுதி கருகிய காளையும் இரண்டு மாதம் கழித்தே உண்மை நிலையைக் காட்டும். நெப்ராஸ்கா குளிர்காலத்தில் காளைகளுக்கு வைக்கோல் பரப்பி, காற்றுத் தடுப்பு கட்டிக் கொடுப்பது இதற்காகத்தான்.

இந்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் சொல்லாது: காளைக்கு ஆசையும் ஏறத் தெரிந்த பக்குவமும் இருக்கிறதா என்பதை. அதை மந்தையில் விட்ட முதல் வாரம், விடியலிலும் அந்தி சாயும்போதும் நேரில் நின்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பருவத்துக்கு வந்த கிடாரியை முகர்ந்துவிட்டு மேயப் போகும் காளையும் உண்டு, ஏறி ஏறிக் குறி தவறும் காளையும் உண்டு. ஆண்குறி வளைந்திருந்தாலும், மயிர் சுற்றி இறுக்கியிருந்தாலும் இப்போதுதான் கண்ணில் படும். மூன்று வாரம் கழித்து அதே கிடாரிகள் மறுபடி பருவம் திரும்பினால் ஏதோ கோளாறு, உடனே காளையை மாற்றுங்கள். காளையை விட்டுவைக்கும் அறுபது நாளில் மூன்று வாரம் போனால் அது திரும்ப வராது.

கிடாரிகளுக்கு இதுவரை எந்த மாட்டோடும் சேராத இளங்காளைதான் நல்லது. ட்ரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, வேலை செய்த காளையின் குறித்தோல் மடிப்புகளில் குடியிருக்கும். காளைக்கு வெளியே எந்த அடையாளமும் தெரியாது. கிடாரிக்குப் போனால் சினை நின்று சில வாரங்களில் கலைந்துவிடும். நமக்குத் தெரிவது, நின்ற மாடுகள் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருவது மட்டும்தான். வயதான காளையில் மடிப்புகள் ஆழம், ஆகவே ஒட்டுண்ணி நிலைத்துவிடும். அங்கே அதற்கு அங்கீகரித்த மருந்து கிடையாது, கண்ட காளையைக் கழித்தே ஆக வேண்டும். பல மேற்கு மாநிலங்களில் காளையைக் கைமாற்ற இந்தச் சோதனைச் சான்று கேட்கிறார்கள். பக்கத்துப் பண்ணையிலிருந்து "ஒரு மாதத்துக்கு" கடனாகக் காளை வாங்கி விடுவதில் உள்ள ஆபத்து இதுதான். பி.வி.டி. என்ற வைரஸ் வயிற்றுப்போக்கு நோயை நிரந்தரமாகச் சுமக்கும் காளையா என்று காதுத் துண்டு எடுத்துச் சோதித்துவிடுவதும் அவசியம்.

எடையும் ஒரு காரணம். ஓராண்டுக் கிடாரி 350 கிலோ இருக்கும், ஐந்து வயதுக் காளை 900 கிலோ தாண்டும். இந்தப் பொருத்தமில்லாத ஜோடியில் கிடாரிக்கு அடிபடலாம். ஒன்றரை முதல் இரண்டு வயதுக் காளை போதும்.

எத்தனை காளை? இளங்காளைக்கு எத்தனை மாத வயதோ அத்தனை கிடாரி என்பது அங்கே கைக்கணக்கு. 15 மாதக் காளைக்கு 15, இரண்டு வயதுக் காளைக்கு 25. கேள்வியில் சொன்ன 40 கிடாரிக்கு ஓராண்டுக் காளைகள் என்றால் மூன்று, இரண்டு வயதுக் காளைகள் என்றால் இரண்டு. சேர்த்து விடும் காளைகள் ஒரே வயதாக இருக்கட்டும். முன்கூட்டியே ஒன்றாக அடைத்து வைத்தால் யார் பெரியவன் என்ற சண்டையை அங்கேயே முடித்துக்கொள்ளும். வயதில் பெரிய காளை ஒன்று நடுவில் இருந்தால் அது தானும் முழுதாக வேலை செய்யாது, சின்னதையும் அண்ட விடாது.

இதற்கு மாற்று வழியும் இருக்கிறது, பல பண்ணைகளில் அதுவே சிறந்த வழி. கிடாரிகளை ஒரே நேரத்தில் பருவத்துக்கு வர வைத்து, ஆயிரக்கணக்கான கன்றுகள் பிறந்து நிரூபணமான காளையின் விந்தைச் சினை ஊசியாகப் போடுவது. அந்தக் காளையின் சி.இ.டி. நம்பகம் 0.9-ஐத் தொடும். எந்த இளங்காளையும் தர முடியாத உறுதி அது. முதல் ஊசியில் ஏறத்தாழ பாதிக் கிடாரிகள் சினை நிற்கும். 10 முதல் 14 நாள் இடைவெளி விட்டு மீதிக்குக் காளையை விட்டால், பிறந்த தேதியை வைத்தே எது ஊசிக் கன்று, எது காளைக் கன்று என்று பிரித்துவிடலாம். காளையின் வேலையும் பாதியாகிவிடும், 40 கிடாரிக்கு இரண்டு வயதுக் காளை ஒன்று போதும். ஆனால் ஒற்றைக் காளை நொண்டினால் பருவமே போச்சு என்பதை மறக்காமல் தினமும் பாருங்கள்.

காளையை எவ்வளவு பார்த்து எடுத்தாலும் அது பாதிக் கதைதான். கிடாரி தயாராக இல்லையென்றால் எந்த எண்ணும் காப்பாற்றாது. முழு வளர்ச்சியில் பசு 1,300 பவுண்டு (590 கிலோ) வரும் மந்தை என்றால், காளைக்கு விடும்போது கிடாரி அதில் 60 முதல் 65 சதவீதம், அதாவது 355 முதல் 385 கிலோ இருக்க வேண்டும். ஈனும்போது 85 சதவீதம், 500 கிலோ. கன்றின் பிறப்பு எடை பொதுவாகத் தாயின் எடையில் 7 சதவீதம் அளவில் வரும், ஆக 35 கிலோக் கன்றை அந்தக் கிடாரி சமாளிக்கும்.

இடுப்பு வாசலையும் அளக்கலாம். காளைக்கு விடுவதற்கு ஒரு மாதம் முன்பு மருத்துவர் மலக்குடல் வழியாக அளவுகோலைச் செலுத்தி உயரத்தையும் அகலத்தையும் எடுப்பார். உயரம் 13 செ.மீ., அகலம் 11.5 செ.மீ. என்றால் பெருக்கினால் 149.5. ஓராண்டு வயதில் 270 கிலோ அளவிலுள்ள கிடாரிக்கு இதை 2.1-ஆல் வகுத்தால் 71 பவுண்டு (32 கிலோ). இரண்டு வயதில் அவ்வளவு எடைக் கன்றை உதவியில்லாமல் ஈன வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். இந்த அளவை வைத்து மிகப் பெரிய வாசல் உள்ளதைத் தேடிப் பொறுக்க வேண்டாம். பெரிய வாசல் பெரிய உடம்போடு வரும், பெரிய உடம்பு பெரிய கன்றைத் தரும், ஒன்றை ஒன்று சமன் செய்துவிடும். கடைசியில் நிற்கும் சில கிடாரிகளை, வாசல் 140-க்குக் கீழே உள்ளவற்றை, கழிப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

கன்று பெரிதாகிவிடும் என்று பயந்து கடைசி மூன்று மாதம் கிடாரியைப் பட்டினி போடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. கன்றின் எடை கொஞ்சம் குறையலாம், ஈற்றுச் சிரமம் குறைவதில்லை. முக்கித் தள்ள வேண்டிய தாய்க்குத் தெம்பு போய்விடுகிறது. சீம்பால் குறைகிறது, கன்று சோர்ந்து பிறக்கிறது, அடுத்த பருவம் தள்ளிப்போகிறது. ஈனும்போது 9-க்கு 6 என்ற உடல்தேற்றத்தில், விலா எலும்பு வெளியே தெரியாமல், வால் அடியில் கொழுப்புக் குவியாமல் இருப்பதே சரி.

தமிழ்நாட்டில் இறைச்சிக்கென்று காளை வாங்கி மந்தையில் விடும் முறை இல்லை. ஆனாலும் இதே தவறு நம் கொட்டிலிலும் நடக்கிறது. சின்ன உடம்புள்ள நாட்டுக் கிடாரிக்கோ ஜெர்சிக் கலப்புக் கிடாரிக்கோ, பால் ஆசையில் ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் ஊசி போடுகிறோம். ஜெர்சிக் கன்று 25 கிலோ அளவில் பிறக்கும், ஹோல்ஸ்டீன் கன்று 40 கிலோவைத் தொடும். தலைஈற்றுக்கு மட்டுமாவது ஜெர்சியோ, கிடாரியின் இனமோ போடச் சொல்லுங்கள். விந்துக் குச்சியின் மேல் காளை எண் அச்சிட்டிருக்கும், அதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கன்று மாட்டிக்கொண்டால் அடுத்த கிடாரிக்கு அந்த எண்ணைத் தவிர்க்கவாவது உதவும்.

காளையின் விலையைப் பற்றி ஒரு கணக்கு. 6,000 டாலருக்கு வாங்கி நான்கு ஆண்டு வேலை வாங்கி 2,000-க்கு விற்றால், ஆண்டுக்கு 25 கன்று வீதம் 100 கன்றுக்குத் தலா 40 டாலர். 4,000 டாலர் காளை என்றால் தலா 20. இந்த 20 டாலர் வித்தியாசத்துக்காக சி.இ.டி. குறைந்ததை எடுத்தால், ஒரு கன்று செத்தாலும் அந்த ஆண்டின் சேமிப்பு மொத்தமும் போய்விடும். ஒன்று மட்டும், காளையின் மகள்கள் காளைக்கு வரும் வயதை எட்டும் முன் காளையைப் பெரிய பசுக்கள் பக்கம் மாற்றிவிட வேண்டும்.

தேதியையும் சரியாகப் போடுங்கள். ஜூன் 1-ஆம் தேதி காளையை விட்டால் 283 நாள் கணக்கில் மார்ச் 11 வரும். ஆனால் சி.இ.டி. உயர்ந்த காளைகளின் கன்றுகள் பல ஒரு வாரம், பத்து நாள் முன்பே பிறந்துவிடும். அவை இலேசாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே பிப்ரவரி கடைசி வாரத்திலிருந்தே இரவுக் காவல் வேண்டும். தண்ணீர்க்குடம் வெளியே தெரிந்து ஒரு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே பார்க்க வேண்டும். இரண்டு முன்னங்காலும் மூக்கும் வாசலில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சங்கிலியைக் குளம்புக்கு அடுத்த மூட்டுக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று போட்டு, தாய் முக்கும்போது மட்டும், ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். தலை இடுப்பு வாசலுக்குள்ளேயே நுழையாமல் நின்றால் கன்றை இழுக்கும் ஜாக்கைத் தொடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பிறந்த கன்றை 24 மணி நேரத்துக்குள் தராசில் நிறுத்தி, உதவி தேவைப்பட்டதா, எவ்வளவு என்பதையும் சேர்த்து, அப்பன் காளையின் எண்ணுக்கு நேரே எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே காளையைக் கிடாரிகளிடம் விடலாமா என்பதை அந்தப் பக்கம் சொல்லும்.